செம்பனைக் குலை வாங்கும் இடத்துக்கு வெப் ஆப்: சர்வரில் எவ்வளவு இடம் எடுக்க வேண்டும்?

பெர்ஜுந்தை பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் தெரியும். என் மாமா இங்கே சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு ஏற்றிவிடுகிற ரேம்ப் நடத்துகிறார். இதுவரை எல்லாம் கார்பன் தாள் வைத்த ரெசிட் புத்தகம்தான், மாதக் கடைசியில் அத்தை கால்குலேட்டரோடு இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டுவார். நான் டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருப்பதால் "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே" என்று இதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆப் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பழத்தோடு லோரியின் எடை, கொட்டிய பிறகு வெறும் லோரியின் எடை, காய்க்குலை, அழுகல், நீளக் காம்பு என்று எத்தனை விழுக்காடு வெட்டினோம், அன்றைய விலை, தோட்டக்காரரின் செம்பனை வாரிய லைசன்ஸ் எண். இதோடு ஒவ்வொரு லோரிக்கும் மூன்று படம் எடுக்கிறோம்: கொட்டிய குவியல் இரண்டு, கையெழுத்துப் போட்ட ரெசிட் ஒன்று. படம் எதற்கு என்றால், "என் பழத்தில் காயே கிடையாது, ஏன் வெட்டினாய்" என்று வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். எங்களிடம் போடுகிறவர்கள் 340 பேர், சின்ன லோரி, பிக்கப் எல்லாம் சேர்த்து நாளைக்குச் சராசரி 100 வண்டி, வருடத்துக்கு 300 நாள் வேலை.

கேள்வி இதுதான். சர்வர் எடுத்துக் கொடுக்கிற ஒருவரிடம் கேட்டேன், 2 டிபி வட்டு, 32 ஜிபி மெமரி, மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதிக் கொடுத்தார். மாமா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "இந்தக் காசுக்கு ரெசிட் புத்தகம் எத்தனை வாங்கலாம்னு தெரியுமா?" என்றார், என்னிடம் பதில் இல்லை. கூடப் படித்த நண்பன் 20 ஜிபியே அதிகம் என்கிறான். இதில் யார் சொல்வது சரி? சரி தப்பை விடுங்கள், இதையெல்லாம் எப்படிக் கணக்குப் போடுவார்கள்? கல்லூரியில் டேட்டாபேஸ் வரைபடம் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லித் தரவில்லை.

கிராணி மகன்

தம்பி, என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அடுத்த சில மாதத்தில் எவ்வளவு பழம் வரும் என்று துரை கேட்டால், அவர் தோட்டம் முழுக்க நடந்து எண்ண மாட்டார். ஒன்பது மீட்டர் முக்கோணத்தில் நட்டால் ஒரு ஹெக்டருக்கு 140 மரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அத்தனையும் எண்ண முடியுமா? சில நிரைகளில் மட்டும் மரத்தில் நிற்கிற கருங்குலையை (இன்னும் பழுக்காத குலையை) எண்ணி, சராசரிக் குலை எடையால் பெருக்கி ஒரு எண் கொடுப்பார். அது அச்சாக வராது, ஆனால் லோரி எத்தனை வேண்டும் என்று முடிவெடுக்க அது போதும். வட்டுக் கணக்கும் அதே வேலைதான். ஒரு லோரி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எண்ணு, பிறகு பெருக்கு.

முதலில் எழுத்துத் தகவல். எடை, விலை, தேதி, எண்கள் எல்லாம் சேர்த்து ஒரு லோரிக்கு முந்நூறு பைட் கூடத் தேறாது. டேட்டாபேஸ் ஒவ்வொரு வரிக்கும் தன் பங்குக்கு ஒரு தலைப்பகுதி போடும் (போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸில் 24 பைட் பக்கம்), அப்புறம் தேடுவதற்கு இன்டெக்ஸ்கள். தாராளமாக 1 கேபி என்று வை. வருடத்துக்கு 30,000 லோரி, 30 எம்பி. வரிக்காகக் கணக்கை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்கு 210 எம்பி. உன் கைப்பேசியில் கிடக்கிற ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரிதாக இருக்கும். உன் நண்பன் இதைத்தான் பார்த்திருக்கிறான்.

இப்போது படம். வருடத்துக்கு 90,000 படம். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒன்று சுமார் 4 எம்பி, ஆக 360 ஜிபி. 2 டிபி வட்டு ஐந்தரை வருடத்தில் நிறையும். 900 வெள்ளி சொன்ன ஆள் ஏமாற்றவில்லை தம்பி, நீ கொடுத்த எண்ணைப் பெருக்கிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் காய்க்குலையா பழுத்ததா என்று பார்க்க 4 எம்பி எதற்கு? கைப்பேசியிலேயே, ஏற்றுவதற்கு முன்னால், அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து ஜேபெக் தரத்தை 75 அளவில் வைத்தால் 250 கேபி பக்கத்தில் வரும். 360 ஜிபி அங்கேயே 22.5 ஜிபி ஆகிவிட்டது. பட்டியலில் காட்டுகிற சிறுபடம் 15 கேபி வீதம் இன்னொரு 1.35 ஜிபி.

மெமரி 32 ஜிபி வேண்டவே வேண்டாம். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை அறுபது லோரி வந்தால்கூட இரண்டு நிமிடத்துக்கு ஒரு பதிவு. சர்வர் தூங்கிக்கொண்டு இருக்கும். ஏழு வருட டேட்டாபேஸ் முழுவதையும் மெமரியில் ஏற்றினாலும் 210 எம்பிதான், 2 ஜிபி போதும். பழம் அதிகம் வருகிற ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நாளைக்கு 150 லோரி வந்தாலும் இது மாறாது.

பெர்ஜுந்தை பையன்

அண்ணே, 360 எங்கே 22 எங்கே! மாமாவிடம் இப்போதே சொல்லத் தோன்றுகிறது, ஆனால் பொறுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். படத்தை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிடலாமா, எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமே? தமிழில் பெயர் போட்டால் மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

நள்ளிரவு நிரலர்

தமிழ்க் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உண்மைதான். "குலை" என்று நாம் இரண்டு எழுத்தாகப் படிப்பது யூனிகோடில் நான்கு குறி, யுடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 12 பைட். ஆனால் உன்னிடம் இருப்பது 340 பெயர். மூன்று மடங்கு என்ன, முப்பது மடங்கு ஆனாலும் ஒரு படத்தின் அளவைத் தாண்டாது. கவனிக்க வேண்டிய இடம் வேறு. "சுப்பிரமணியம்" நமக்கு 8 எழுத்து, கணினிக்கு 13 குறி. பெயருக்கு 30 என்று இடம் விட்டால் "த/பெ" வந்து அப்பா பெயர் பாதியில் வெட்டுப்படும். 150 என்று விடு, இடம் வீணாகாது, எழுதிய அளவுக்குத்தான் பிடிக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்றால் யுடிஎஃப்8எம்பி4 எழுத்துமுறையைத் தேர்ந்தெடு, பழைய யுடிஎஃப்8 தமிழைத் தாங்கும், ஆனால் யாராவது குறிப்பில் ஒரு சிரிப்பு முகம் போட்டால் திணறும்.

இதே காரணத்தால்தான் குறுஞ்செய்தியிலும் காசு போகும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் என்றால் 70 குறிதான், அதிலும் "குலை" நான்கைத் தின்றுவிடும். "உங்கள் பழம் இவ்வளவு கிலோ, இவ்வளவு வெள்ளி" என்று தமிழில் அனுப்பினால் இரண்டு, மூன்று செய்திக் கட்டணம் விழும். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஓர் இணைப்பை அனுப்பிவிடு.

படம் டேட்டாபேஸுக்குள் வேண்டாம். வைக்கவே முடியாது என்று சொல்லவில்லை. 210 எம்பியாக இருக்க வேண்டியது ஏழு வருடப் படமும் சேர்ந்து 150 ஜிபியைத் தாண்டிவிட்டால் தினமும் காப்பு எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும் பெரிய வேலையாகிவிடும். படத்தைக் கோப்பாக அப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளை மட்டும் வைக்க வாடகைக்குக் கிடைக்கிற தனி இடம்) வை, டேட்டாபேஸில் அதன் முகவரியை மட்டும் எழுது. படத்தை பேஸ்64 என்கிற முறையில் எழுத்தாக மாற்றிச் சேமிக்கிற வேலை மட்டும் செய்யாதே, 3 பைட் 4 ஆகிவிடும்.

அதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு கோயிலுக்கு அர்ச்சனைப் பதிவு ஆப் செய்து கொடுத்தேன், கணக்கெல்லாம் அழகாகப் போட்டு 40 ஜிபி எடுத்தேன், முதல் வருடம் 3 ஜிபிகூட நிறையாது என்று என் கணிப்பு. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் இரவு பதினொன்றரைக்குத் தலைவர் கூப்பிடுகிறார், "தம்பி, பதிவு ஆகலையாம், ஜனங்க கேக்குறாங்க" என்று. உள்ளே போய்ப் பார்த்தால் வட்டு நூறு விழுக்காடு, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுவிட்டது. தகவல் மொத்தம் 2 ஜிபிதான் இருந்தது. மீதி? சோதனைக்காகத் திறந்துவைத்த டீபக் பதிவை (ஆப் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதிவைப்பது) நான் மூட மறந்திருக்கிறேன், அது பக்தர்கள் ஏற்றிய பணம் கட்டியதற்கான ஒவ்வொரு படத்தையும் பேஸ்64 எழுத்தாக மாற்றி முழுவதையும் லாக் கோப்பில் எழுதித் தள்ளியிருக்கிறது. லாக் மட்டும் 24 ஜிபி. அது போதாதென்று தினசரிக் காப்பை அதே வட்டில் போட்டு, பழையதை அழிக்கும் வரியை எழுதாமல் விட்டிருந்தேன். அன்றைக்கு லாக்கை வெறுமையாக்கி, டேட்டாபேஸை எழுப்பி, விடிகாலை பசியாற உட்கார்ந்தபோது கை நடுங்கியது.

ஆக உன் பட்டியலில் தகவல், படம் என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் போதாது. லாக்குக்கு ஒரு வரி போடு, தினமும் சுருட்டி இரண்டு வாரத்தில் அழிகிற மாதிரி வை. காப்புக்கு ஒரு வரி போடு, அதை வேறு இடத்தில் வை. அதே வட்டில் இருக்கிற காப்பு காப்பே இல்லை, வட்டு போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். இயங்குதளமும் மென்பொருளும் ஒரு 10 ஜிபி பிடிக்கும். வட்டு 70 விழுக்காடு தாண்டினால் உனக்கு மின்னஞ்சல் வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வை, இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. லினக்ஸில் வட்டில் கோப்புகளை அடுக்குகிற ஈஎக்ஸ்டி4 முறை வழக்கமாக 5 விழுக்காட்டை ரூட் என்கிற நிர்வாகிக் கணக்குக்கு ஒதுக்கிக்கொள்ளும், எனவே 40 என்று வாங்கியது முழு 40 ஆகக் கைக்கு வராது.

ஏடு அக்கா

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, இதுபோல மூன்று ரேம்புக்குக் கணக்கு எழுதுகிறவள், தம்பி கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நீங்கள் எல்லாரும் ஏழு வருடம் ஏழு வருடம் என்று படத்தையும் சேர்த்துப் பெருக்குகிறீர்கள். யார் சொன்னது? 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி ஏழு வருடம் வைத்திருக்க வேண்டியது வரவு செலவுக் கணக்கும் அதற்கான ஆதாரமும். ரெசிட் அதில் சேரும். பழக்குவியல் படம் அதில் சேராது. குவியல் படம் தோட்டக்காரர் சண்டை போட்டால் காட்டத்தான், என் அனுபவத்தில் பணம் கைக்குப் போய் ஒரு மாதம் ஆன பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆறு மாதம் வைத்தாலே தாராளம். வாரிய லைசன்ஸுக்கு மாமா என்னென்ன பதிவு வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய லைசன்ஸ் நிபந்தனையிலேயே எழுதியிருக்கும், அதை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஐசியை, அதாவது அடையாள அட்டையை, படம் எடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், 340 பேருடைய அந்த விவரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. லைசன்ஸ் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் காசு கட்டிவிடலாம்.

கிராணி மகன்

அக்கா சொன்னது என் கணக்கையே மாற்றிவிட்டது, நானும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத்தான் கட்டினேன். திரும்பப் போடுகிறேன். ரெசிட் படம் வருடத்துக்கு 30,000, வெறும் தாள் என்பதால் 150 கேபி போதும், 4.5 ஜிபி, ஏழு வருடத்துக்கு 31.5. குவியல் படம் வருடத்துக்கு 60,000, 15 ஜிபி, ஆறு மாதத்தில் அழிந்தால் எப்போதும் 7.5 ஜிபிக்கு மேல் நிற்காது. இரண்டும் சேர்த்து ஏழாவது வருடக் கடைசியில்தான் 39 ஜிபி. முதல் வருடம் முடியும்போது வெறும் 12. ஏழு வருடத்துக்கு இன்றைக்கே காசு கட்டத் தேவையே இல்லை, அப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைத்த அளவுக்குத்தான் கட்டணம். சர்வர் வட்டையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம், ஆனால் பெரும்பாலான இடங்களில் கூட்டியதைக் குறைக்க விடமாட்டார்கள், ஆகவே சின்னதில் ஆரம்பி.

லைன் இல்லாதவன்

எல்லாரும் சர்வரையே பார்க்கிறீர்கள், ரேம்பில் லைன் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லையே! நான் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு நடுவில் வேலை. 3ஜியை 2021 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள், 4ஜி எட்டாத மூலையில் பேசத்தான் முடியும், படம் போகாது. ஏற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) கிடைக்கிற இடத்தில் மூன்று படம் 12 எம்பி என்றால் 48 விநாடி, அதுவும் நடுவில் அறுந்து போகாமல் இருந்தால். சாயங்காலம் ஆறு லோரி வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும்போது அந்த 48 விநாடி எப்படி இருக்கும் என்று உன் மாமாவிடம் கேள். சுருக்கிய படம் மூன்றும் 0.75 எம்பி, 3 விநாடி. படத்தைச் சுருக்கு என்று அண்ணன் சொன்னது வட்டுக்காக, நான் அதையே வரிசைக்காகச் சொல்கிறேன்.

பதிவு முதலில் கைப்பேசியிலேயே நிற்கட்டும், லைன் வரும்போது தானாக ஏறட்டும். ஆனால் உலாவியில் சேமித்ததை நம்பி வாரக்கணக்கில் விடாதே, ஐபோன் சஃபாரி ஏழு நாள் அந்தப் பக்கத்தைத் தொடாவிட்டால் துடைத்துவிடும். இன்னொரு சின்ன விஷயம், உலாவியில் சுருக்கும்போது படத்துக்குள் இருக்கிற நேரமும் இடமும் சேர்ந்து போய்விடும், சண்டை வந்தால் எந்த நாள் படம் என்று காட்ட முடியாது. எடுத்த நேரத்தைத் தனியாக எழுதிவை.

பார்க்க வருகிறவர்கள் கணக்கு சுலபம். 340 பேரும் தினமும் ஒரு தடவை திறந்து 400 கேபி இறக்கினால் நாளைக்கு 136 எம்பி, மாதம் 4 ஜிபி. எந்தச் சர்வர் திட்டத்திலும் இது ஒரு பொருட்டே இல்லை.

பெர்ஜுந்தை பையன்

எல்லாருக்கும் நன்றி. எழுதியதோடு நிற்காமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேம்பில் நின்று 20 லோரிக்கு நிஜமாகவே படம் எடுத்து, சுருக்கி, அளந்து பார்த்தேன். கிராணி மகன் அண்ணன் 250 கேபி சொன்ன குவியல் படம் எனக்குச் சராசரி 400 கேபி வருகிறது! ஒரு மணி நேரம் என் கோடில்தான் தப்பு என்று தேடிக்கொண்டு இருந்தேன், தப்பே இல்லை. குலை முழுக்க முள்ளும் பழமும் நிழலுமாக இருக்கிறது, ஒரு பிக்சல் போல அடுத்தது இல்லை, ஜேபெக்கால் அமுக்க முடியவில்லை. அதே நேரம் ரெசிட் படம் 90 கேபிதான், வெள்ளைத் தாள் நன்றாக அமுங்குகிறது. ஆக ரெசிட் ஏழு வருடத்துக்கு 18.9 ஜிபி, குவியல் ஆறு மாதத்துக்கு 12 ஜிபி, கூட்டினால் 31. ஒன்று ஏறி ஒன்று இறங்கி, அண்ணன் சொன்ன 39-க்கு உள்ளேயே வந்துவிட்டது.

40 ஜிபி வட்டு, 2 ஜிபி மெமரி, படத்துக்கு அப்ஜெக்ட் ஸ்டோரேஜ், காப்பு வேறு ஒரு நிறுவனத்தில், எல்லாம் சேர்த்து மாதம் 100 வெள்ளிக்குள் அடங்குகிறது. 70 விழுக்காட்டு மின்னஞ்சலை முதல் வேலையாக எழுதிவிட்டேன், நள்ளிரவு அண்ணே. ஐசி படத்தைத் தூக்கிவிட்டேன், அக்கா.

மாமாவிடம் தாளைக் காட்டினேன். 100 வெள்ளியைப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் அத்தையைக் கூப்பிட்டு, ரெசிட் புத்தகம் இன்னும் பத்துக் கட்டு வாங்கி வைக்கச் சொன்னார்.